எல்லாவற்றையும் பொறாமை என்று சொல்லிவிடலாமா?

இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவரும் அவருடைய தோழியும் ஒரே லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். ஒரே வருடம் உயர்தரப் பரீட்சை எழுதி, ஒரே நாளில் ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் போனார்கள். தோழிக்கு நியமனம் வந்தது, இவருக்கு வரவில்லை. இரண்டு நாள் அழுதிருக்கிறார். "புள்ளிகளை எப்படிப் போட்டார்கள்?" என்று வீட்டில் கேட்டதற்கு அம்மா, "பொறாமப்படாத, அவ நல்லா இருக்கட்டும்" என்றாராம். ஒரு ராத்திரி, அந்த நியமனமே ரத்தாகிப் போனால் நல்லது என்றும் தோன்றியதாம். "நான் பொறாமைக்காரிதானா? பொறாமை என்றால் சரியாக என்ன? ஆங்கிலத்தில் என்வி, ஜெலஸி என்று இரண்டு சொல் இருக்கும்போது நமக்கு ஏன் ஒன்றுதான்? 'எனக்குப் பொறாமையா இருக்குடி' என்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினால் தப்பா?" இவைதான் கேள்விகள்.

முப்பது வருடத்துக்கு மேல் மலையகப் பள்ளிக்கூடங்களில் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

மகள், நீங்கள் எழுதியதில் மூன்று வேறு வேறு உணர்ச்சிகள் இருக்கின்றன. அழுதது ஒன்று. புள்ளிகளை எப்படிப் போட்டார்கள் என்று கேட்டது இன்னொன்று. நியமனம் ரத்தாகட்டும் என்று நினைத்தது மூன்றாவது. கடைசியாகச் சொன்னது மட்டும்தான் பொறாமை. மற்ற இரண்டுக்கும் தமிழில் வேறு பெயர்கள் உண்டு. வீட்டில் மூன்றையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பொறு என்பது வேர். பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். பொறுமை என்றால் தாங்கும் குணம். நடுவில் ஓர் 'ஆ' நுழைந்து எதிர்மறையாகிவிட்டால் பொறாமை, தாங்க முடியாமை. ஒரு நெடிலுக்குள் இவ்வளவு தூரம். எதைத் தாங்க முடியாமை? அதைச் சொல் வெளியே சொல்வதில்லை. பழைய உரைகளைப் புரட்டினால் முழு வடிவம் கிடைக்கும்: 'பிறர் ஆக்கம் பொறாமை'. அடுத்தவருடைய வளர்ச்சி, செல்வம், நல்லது, இவற்றைத் தாங்க முடியாமை. நாளடைவில் முன்பாதி உதிர்ந்து பின்பாதி மட்டும் நம் வாயில் நின்றுவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சொல்லுக்குள் ஆசை இல்லை. 'எனக்கும் வேண்டும்' என்ற பொருள் அதில் எங்கேயும் கிடையாது. அவளிடம் இருக்கிறதே என்பதுதான் பாரம். கூடை அவள் தலையில் தொங்குகிறது, வலி என் கழுத்தில். அதனால் நான் வகுப்பில் ஒரு சோதனை சொல்வேன்: அந்தப் பொருள் உனக்கு வராமலே அவளிடமிருந்து போய்விட்டால் உன் மனம் ஆறுமா? ஆறும் என்றால் அது பொறாமை. ஆறாது, எனக்கும் ஒன்று கிடைத்தால்தான் ஆறும் என்றால், அது வேறு.

இந்த வேறுபாடு திருக்குறளின் அதிகார வரிசையிலேயே இருக்கிறது. 16 பொறையுடைமை, 17 அழுக்காறாமை, 18 வெஃகாமை, 19 புறங்கூறாமை. பொறுமையைச் சொல்லி முடித்ததும் பொறாமையை எடுக்கிறார். அடுத்தவர் பொருளை எனக்கென்று கவர நினைப்பதை வெஃகுதல் என்று தனியே வைத்து, அதற்குத் தனி அதிகாரம் கொடுக்கிறார். தாங்க முடியாமை ஒன்று, பறிக்க நினைப்பது இன்னொன்று. இரண்டும் முடிந்ததும் முதுகுக்குப் பின்னால் பேசுவது வருகிறது. லயத்துக் குழாயடியில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வரிசை ஏன் இப்படி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அழுக்காறு என்பதுதான் பொறாமைக்கு வள்ளுவர் அதிகம் பயன்படுத்தும் சொல். மேடைப் பேச்சாளர்கள் இதை அழுக்கு, ஆறு என்று பிரித்து, 'மனதில் ஓடும் அழுக்கான ஆறு' என்று விளக்குவார்கள். கேட்க அழகாக இருக்கும், ஆனால் சரியில்லை. அழுக்கறு என்று ஒரு வினைச்சொல் பழந்தமிழில் உண்டு. அழுக்கறுத்தல் என்றால் பொறாமைப்படுதல். அழுக்கறுப்பான் என்று குறளிலேயே வருகிறது. இது தெரியாவிட்டால் 170ஆவது குறளில் மாட்டிக்கொள்வீர்கள்: 'அழுக்கற்று அகன்றாரும் இல்லை அஃதுஇல்லார் பெருக்கத்தில் தீர்ந்தாரும் இல்.' ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை, 'அழுக்கு இல்லாமல் உயர்ந்தவர் எவரும் இல்லை' என்று தலைகீழாகப் பொருள் எழுதி வைக்கும். உண்மையில், பொறாமைப்பட்டுப் பெரியவரானவரும் இல்லை, பொறாமை இல்லாததால் வளத்தில் குறைந்து போனவரும் இல்லை என்பதே பொருள். பரீட்சைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உயர்வதற்கு மனதில் கொஞ்சம் பொறாமை வேண்டும், அதுதான் உந்தித் தள்ளும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள். அதற்கும் இந்தக் குறள் பதில்.

இன்னொரு பழைய சொல் ஔவியம். ஒன்றாம் வகுப்பிலேயே 'ஔவியம் பேசேல்' என்று படித்திருப்பீர்கள், ஔ எழுத்துக்காக. பொறாமை கொள்ளாதே என்று சொல்லாமல் பொறாமை பேசாதே என்கிறார் ஔவையார். மனதில் எழுவதை யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது, வாயைத் தடுக்கலாம் என்று நான் இதை வாசிக்கிறேன்.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். என்வி என்பதில் இரண்டு பேர்: அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை. ஜெலஸியில் பெரும்பாலும் மூன்று பேர்: என்னிடம் இருப்பதை, அல்லது எனக்குரியவரை, இன்னொருவர் கொண்டுபோய்விடுவாரோ என்ற பயம். ஆங்கிலம் பேசுகிறவர்களே இப்போது இரண்டையும் கலந்துதான் பேசுகிறார்கள். எழுத்துத் தமிழில் இரண்டுக்கும் பொறாமைதான். ஆனால் நம் வீட்டுப் பேச்சில் பிரிவு இருக்கிறது. கணவன் மனைவி விஷயத்தில் நாம் பொறாமை என்று சொல்வதில்லை, 'அவனுக்குச் சந்தேகம்' என்போம். தம்பிப் பாப்பா பிறந்ததும் மூத்த குழந்தை சோறு சாப்பிடாமல் மெலிந்தால், 'புள்ள ஏங்கிப்போச்சு' என்போம். ஆங்கிலத்தில் இரண்டுமே ஜெலஸிதான். நம்முடையது ஒற்றைச் சொல் என்று குறைப்பட வேண்டாம். இடத்துக்கு இடம் சொல்லை மாற்றிக்கொள்கிற பழக்கம் நம்முடையது.

தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்களுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கும். பத்துக் கட்டளைகள் வருகிற யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் கடவுள் தம்மை 'எரிச்சலுள்ள தேவன்' என்கிறார். ஆங்கிலத்தில் அங்கே ஜெலஸ் என்று இருக்கும். தன் மக்கள் வேறு தெய்வத்திடம் போவதைப் பொறுக்காத கடவுளைப் பொறாமைக்காரர் என்று எழுத அவர்களுக்குக் கை வரவில்லை போலும். நீதிமொழிகள் 14இல் மட்டும் 'பொறாமையோ எலும்புருக்கி' என்று நேராகவே வருகிறது. எலும்புருக்கி என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். பொறாமைப்படுகிறவருக்கு என்ன நடக்கிறது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

பொறாமைக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு பல மொழிகளில் இருக்கிறது. என்வி என்ற ஆங்கிலச் சொல்லே 'பார்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது, கெட்ட பார்வை பார்த்தல் என்ற அர்த்தத்தில். நாம் கண்ணூறு, நாவூறு என்கிறோம். ஊறு என்றால் கேடு. கண்ணால் வரும் கேடு, நாக்கால் வரும் கேடு. நம்மைச் சுற்றியுள்ள சிங்களவர்கள் எஸ்வஹ, கட்டவஹ என்கிறார்கள். வஹ என்றால் விஷம். கண் விஷம், வாய் விஷம். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் கை வைத்திருக்கின்றன. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முன்னால் அவர்கள் பம்பயா பொம்மையைத் தொங்கவிடுகிறார்கள், நாம் பூசணிக்காயில் முகம் வரைந்து கட்டுகிறோம். நம் முஸ்லிம் சகோதரர்கள் ஒரு குழந்தையைப் பாராட்டும்போது 'மாஷா அல்லாஹ்' என்று சேர்த்துச் சொல்வதும் இதோடு தொடர்புள்ளதுதான். குர்ஆனின் 113ஆவது அத்தியாயம், பொறாமைப்படுகிறவனின் தீங்கிலிருந்து காக்கும்படி கேட்கும் பிரார்த்தனையோடு முடிகிறது. 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்று என் அம்மா உப்பையும் காய்ந்த மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடுவார். அதில் மிளகாய் நெடி வந்ததா இல்லையா என்று வீடே மூக்கை உறிஞ்சிப் பார்க்கும்.

சிங்களத்தில் பொறாமைக்கு இரிசியாவ என்பார்கள். அதற்கு எதிர்ச்சொல்லாகப் பௌத்தத்தில் முதிதா என்று ஒன்று இருக்கிறது. அடுத்தவர் நன்மையைக் கண்டு மகிழ்வது. நமக்கு அதற்கு அன்றாடப் பேச்சில் ஒற்றைச் சொல் இல்லை. செய்கை இருக்கிறது. பக்கத்துக் காம்பராப் பிள்ளை, அதாவது பக்கத்து லயத்து அறைப் பிள்ளை, புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ் என்றால், தன் வீட்டில் சீனி இல்லாவிட்டாலும் கடனுக்கு வாங்கி வந்து பிள்ளை வாயில் போடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றும் இல்லாத ஏழைக்குத்தான் பொறாமை வரும் என்ற எண்ணமும் தவறு. நம் தோட்டக் கோயில்களில் அருச்சுனன் தபசு ஆடும் வழக்கம் உண்டே, அந்தப் பாரதக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். துரியோதனனுக்கு என்ன குறை? நாடு இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, நூறு பேராகப் பிறந்த கூட்டம் இருக்கிறது. இந்திரப்பிரஸ்தத்து மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அவனால் சாப்பிட முடியவில்லை. அவன் பிறப்பதற்கு முன்னாலேயே இது தொடங்கிவிட்டது. குந்திக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று கேட்டுக் காந்தாரி தன் வயிற்றிலேயே அடித்துக்கொண்டாள். 'அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக் குழவியால் வயிற்றில் குத்திக்கொண்டாளாம்' என்ற பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காந்தாரிதான் நினைவுக்கு வருவாள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த இடத்துக்கு வந்துவிட்டேன். வயிற்றெரிச்சல் என்ற சொல்லைப் பாருங்கள். பேச்சில் வயித்தெரிச்சல். 'அவன் வீடு கட்டுறதப் பாத்து இவளுக்கு வயித்தெரிச்சல்' என்றால் அது பொறாமை. 'ஏழை வயித்தெரிச்சலக் கொட்டிக்காத' என்றால்? அங்கே எரிகிறவர் அநியாயம் செய்யப்பட்டவர். அவருடைய எரிச்சல் சாபமாக வந்து விழும் என்று அஞ்சுகிறோம். ஒரே சொல், ஒரே வயிறு. ஒன்றில் குற்றம் எரிகிறவளுடையது. மற்றதில் குற்றம் எரிய வைத்தவனுடையது. எது எது என்று பிரித்துப் பார்க்காமல் பேசினால், அநியாயம் நடந்த இடத்திலும் பாதிக்கப்பட்டவரே குற்றவாளியாகிவிடுவார்.

இது நான் சின்ன வயதில் கண்ணால் கண்டது. கொழுந்து எடுக்கப் போகும் பெண்களுக்கு மலையில் நிரை பிரித்துக் கொடுப்பார்கள். எல்லா நிரையும் ஒன்றல்ல. சில நிரையில் கொழுந்து பொங்கி நிற்கும். சிலது கல்லும் சரிவும், செடி விட்டுப்போன வெற்றிடமுமாக இருக்கும். எங்கள் அம்மாவுக்கு வாரக்கணக்கில் சரிவு நிரையே வந்தது. நல்ல நிரை, பிரித்துக் கொடுத்தவருடைய சொந்தக்காரப் பெண்ணுக்கு. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது அவளுக்கு அதிகக் கிலோ, அம்மாவுக்குக் குறைவு. குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம். ஒரு நாள் அம்மா வாயைத் திறந்து, "நிரைய மாத்தி மாத்திக் குடுங்க" என்று கேட்டார். வந்த பதில், "அவ கை சுறுசுறுப்பு, ஒனக்குப் பொறாம." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அம்மா எங்களிடம் கேட்டார், "எனக்குப் பொறாமையாப்பா?" அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. தமிழ் படித்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெண்ணின் கிலோ குறைய வேண்டும் என்று அம்மா கேட்கவே இல்லை. முறை வைத்துப் பிரியுங்கள் என்று கேட்டார். அதற்குப் பெயர் நியாயம் கேட்பது.

தனி வீடுகள் வரத் தொடங்கிய பிறகு இதே பேச்சு வேறு உருவத்தில் கேட்கிறது. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை இருந்த இடத்தில், 7 பேர்ச் காணியோடு ஒரு வீடு என்பது சின்ன விஷயமா? 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் வீடு எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு தோட்டத்தில் 20 வீடு கட்டினால் மீதிக் குடும்பங்கள் லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அதில் ஒருவர், "பெயர்ப் பட்டியலை எப்படிப் போட்டீர்கள்?" என்று கேட்டால் உடனே 'வயித்தெரிச்சல் புடிச்சவன்' என்ற பட்டம். கேட்டவர் மனதில் கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதனால் கேள்வி பொய்யாகிவிடாது. பட்டியலைக் காட்டினால் கேள்வி முடிந்துவிடும்.

உண்மையான பொறாமை எங்கே இருக்கிறது என்றால், 'லயத்தில் இருக்கிறவர்களுக்கு எதற்குக் காணி?' என்று வெளியே இருந்து கேட்கிறவர்களிடம். தங்கள் கையிலிருந்து ஒரு சதமும் போகாது, இருந்தும் பொறுக்காது. இதற்கும் குறள் இருக்கிறது: 'கொடுப்பது அழுக்கறுப்பான் சுற்றம் உடுப்பதூஉம் உண்பதூஉம் இன்றிக் கெடும்.' ஒருவர் இன்னொருவருக்குக் கொடுப்பதைப் பார்த்து மூன்றாமவர் பொறாமைப்படுவது. வள்ளுவர் இவ்வளவு கடுமையாகச் சபித்த இடங்கள் குறைவு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் அழுதீர்களே, அது ஆற்றாமை. ஏக்கம் என்றும் சொல்லலாம். தனக்குக் கிடைக்காததற்காக மனம் வலிப்பது. அதில் தோழி மேல் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அழுதால் அழுதுகொள்ளுங்கள். புள்ளிகளை எப்படிப் போட்டார்கள் என்று கேட்டது நியாயமான கேள்வி. அதை வீட்டில் கேட்டுப் பயனில்லை, நேர்முகத் தேர்வு நடத்திய அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் புள்ளிகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம், தமிழிலேயே எழுதலாம். அதில் தோழியின் பெயரை இழுக்க வேண்டாம்.

நியமனம் ரத்தாகட்டும் என்று நினைத்த அந்த ஒரு ராத்திரி பொறாமைதான். மறைக்காமல் எழுதினீர்களே, அது பெரிய விஷயம். ஆனால் ஒரு ராத்திரி பொறாமை வந்ததால் நீங்கள் பொறாமைக்காரி ஆகிவிட மாட்டீர்கள். நம் இலக்கணமே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. 'எனக்குப் பொறாமையாக இருக்கிறது' என்று சொல்லும்போது பொறாமை பசி போல, காய்ச்சல் போல வந்து போகிற ஒன்று. 'பொறாமைப்படுகிறேன்' என்றால் அதை நான் செய்கிறேன். 'பொறாமைக்காரி' என்றால் அதுவே ஆளின் பெயராகிவிட்டது. உங்களுக்கு நடந்தது முதல் வாக்கியம். மூன்றாவதை யாரும் உங்கள் மேல் ஒட்ட விடாதீர்கள்.

இலக்கணம் பேசும்போதே ஒன்று. 'உன்னைப் பொறாமைப்படுகிறேன்' என்று இப்போது பிள்ளைகள் எழுதுகிறார்கள். அது ஆங்கில வாக்கியத்தின் நிழல். தமிழில் உன்னைப் பார்த்து, உன்மேல், உன் வளர்ச்சியைக் கண்டு என்றுதான் வரும். 'பொறாமையான வீடு' என்பதும் அப்படித்தான். கண் படும்படியான வீடு என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு இயல்பாக இருக்கிறது.

வாட்ஸ்அப் செய்தி பற்றிக் கேட்டீர்கள். ஆங்கிலத்தில் என்வி என்று சொல்லிப் பாராட்டுவது சாதாரணம். தமிழிலும் உயிர்த்தோழிகளுக்கு நடுவில் 'பொறாமையா இருக்குடி' என்றால் அந்த 'டி' எல்லாவற்றையும் மென்மையாக்கிவிடும். ஆனால் அவளுடைய அம்மா அந்தச் செய்தியை எட்டிப் பார்த்தால் உடனே உப்பும் மிளகாயும் எடுப்பார். நம் ஊரில் இதற்குப் பழகிய வார்த்தை 'குடுத்து வச்சவ' என்பது. அன்பான வார்த்தைதான். எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. போன பிறவியில் கொடுத்து வைத்ததுதான் இன்று கிடைத்தது என்றால், மெழுகுதிரி வெளிச்சத்தில் அவள் படித்த படிப்பு எங்கே போகும்? நீங்கள் கூடவே இருந்து பார்த்தவர். 'நீ ராத்திரி ராத்திரியா முழிச்சுப் படிச்சதுக்குக் கெடச்சுது. எனக்குக் கெடைக்கலன்னு அழுதேன், நாளைக்கு வந்து சொல்றேன்' என்று எழுதுங்கள். இரண்டும் உண்மை, இரண்டையும் அவளால் தாங்க முடியும்.